இரண்டு இடது

தொழிற்சாலையில் எங்களிடம் இருந்தது
மரத்தில் செய்த ஒரே கால்.
ஆறாம் நம்பர், ஏழாம் நம்பர் என்று
நீளம் மாறும், சாயல் மாறாது.
இருபத்திரண்டு வருஷம் அந்தக் காலுக்குத்தான்
மேல்தோல் தைத்தேன்.
அப்படி ஒரு காலோடு
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒருவரையும் பார்த்ததில்லை.

சீனாச் சரக்கு பெட்டி பெட்டியாய் வந்து இறங்க,
கதவைச் சாத்தினார்கள்.
கடைசிச் சம்பளத்தோடு ஆளுக்கு ஒரு ஜோடி.
என் ஜோடி என்னைக் கடித்தது.

இப்போது சாக்ஸ் பின்னுகிறேன்.
ரேய்ஸ்தோர்ப்பில் ஜூலை மாதம்
புல் வெள்ளையாய் விறைத்துக் கிடக்கும்,
சிமெண்டுத் தரை உள்ளங்காலைக் கவ்வும்.
வருகிறவர்களை அட்டைமேல் நிற்கவைத்து
பென்சிலால் சுற்றி வரைவேன்.
கூச்சம் தாங்காமல் எல்லோரும் சிரிப்பார்கள்,
மாஜிஸ்திரேட் கோர்ட் குமாஸ்தா உட்பட.

கணுக்காலிலிருந்து பாதம் வரை
எல்லோரும் ஏறக்குறைய அறுபத்து நாலு கண்ணி.
விரல் வந்ததும் ஆளாளுக்கு வேறு.

தாண்டேகாவுக்கு ஐந்தும் ஒரே மட்டம்,
வேலிப் பலகை மாதிரி.
கடைசி வரை குறைக்காமல் போய்
சட்டென்று மூட வேண்டும்.
என் அக்கா சாலாட்சிக்கு இரண்டாம் விரல் நீளம்.
அப்படிப்பட்டவள் புருஷனை ஆட்டிவைப்பாள் என்பார்கள்.
ஆட்டிவைத்தாளோ என்னவோ,
ஒரே குளிரில் மூன்று கடைச் சாக்ஸை ஓட்டை போட்டாள்.
அவளுக்கு இரு பக்கமும் நிதானமாய்க் குறைத்து
படகு மூக்காய் முடிப்பேன்.
எனக்குப் பெருவிரல் பக்கம் நேர்கோடு,
சுண்டுவிரல் பக்கம்தான் சரிவு.
என் இடதை வலதில் போட முடியாது.
கரண்ட் போன விடியலில் மாற்றிப் போட்டேன்,
இரண்டு அடி வைப்பதற்குள் கால் கோள் சொல்லிவிட்டது.

அக்கா புருஷன் சகாதேவன் அத்தானுக்கு
வலது காலில் பெருவிரலும் அடுத்ததும் இல்லை.
பத்தொன்பது பெரிய வெள்ளிக்கிழமை
மாரியம்மன் கோயிலில் தீ மிதித்த கால்.
ஒரு கொப்புளம் கண்டதில்லை.
எங்கள் கம்பெனி ஷூ, எட்டாம் நம்பர்,
உள்ளே எழும்பியிருந்தது ஒரு ஆணி.
குத்தியது தெரியாமல் நாலு நாள் நடந்திருக்கிறார்.
சர்க்கரை.

அவர் அட்டைமேல் நின்றபோது
என் பென்சில் தயங்கியது.
இல்லாத இடத்தில் வளைவாய் ஒரு கோடு போட்டேன்,
மரியாதைக்கு.
இடதைப் பார்த்து வலதையும் பின்னினேன்,
ஐந்து விரலுக்கும் இடம் விட்டு.

மூன்றாம் வாரம் அக்கா போன் செய்தாள்.
வெறும் நுனி ஷூவுக்குள் மடிந்து சுருண்டு
தையல் போட்ட இடத்தை அரைத்திருக்கிறது.
அவருக்கு வலிக்கவில்லை.
துவைக்கும்போதுதான் பழுப்பாய் ஒரு வட்டத்தை
இவள் பார்த்திருக்கிறாள்.

அத்தான் வந்தார். திட்டவில்லை.
தானே அட்டையை எடுத்துத் தரையில் போட்டார்.
"நீ பின்னினது பழைய காலுக்கு.
அது ஆஸ்பத்திரிக் குப்பையில போயாச்சு.
இதுக்குப் பின்னு."

பின்னினேன்.
பெருவிரல் பக்கம் சீக்கிரமே குறைக்கத் தொடங்கி,
சுண்டுவிரல் பக்கம் கொஞ்சமாய் விட்டு,
மூடும் தையலை வெளிப்புறம் தள்ளி.
முடித்து மேசைமேல் வைத்தால்
வலதுக்குப் பின்னியது
இன்னொரு இடதாய்க் கிடந்தது.

தொழிற்சாலையில் இரண்டு இடது வந்தால்
ரிஜெக்ட் பெட்டி,
மேஸ்திரியின் வசவு, அரை நாள் சம்பளம்.

அடையாளத்துக்கு ஒன்றின் விளிம்பில்
சிவப்பு நூல் ஓட்டிக் கொடுத்தேன்.
எது சிவப்பு என்று காலையில் போனில் கேட்டார்.
வலது என்றேன்.
சாயங்காலம்
மறுபடியும் கேட்டார்.